குளத்தைக் காத்தால் குருகும் வாழும்

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்வோருள் பலர், ஆனைவிழுந்தாவை என்னும் ஊரைக் கவனியாமலே கடந்து விடுகின்றனர். மேற்கே கடலும், ஒல்லாந்தர் கால்வாயும், கண்டற் காடுகளும் உள்ளன, அங்கெல்லாம் உவர்நீரே. அதன் அருகே சில சிறு குளங்கள், ஒன்றன் நீர் மற்றொன்றிற் சென்று சேரும் வண்ணம், நன்னீரைத் தேக்கி நிற்கின்றன. இவை இயற்கை தந்தவை அல்ல. 12ஆம் நூற்றாண்டளவில் மனிதர் அமைத்தவை என்பர்.

உழவுக்கென அமைந்த குளத்தைப் புள்ளினம் தன் வீடாக்கிக் கொண்டது. 1997இல் இவ்விடம் சரணாலயமாயிற்று. 1971இல் ஈரானிலுள்ள றம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில், 2001இல் இது இடம்பெற்றது. இலங்கையில் இச்சிறப்பைப் பெற்ற இரண்டாவது இடம் இதுவே. முதலாவது தெற்கேயுள்ள புந்தல.

மாரி பெய்து குளம் நிறைந்ததும் நீர்க்காகம் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும். தாமரை இலைமேல் இலைக்கோழி நடை பயிலும். வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிய பறவைகளும் வந்து சேரும். பின்னர் வெயில் ஏற நீர் குறையும். அப்பொழுது மீன்கள் எஞ்சிய நீரில் நெருங்கிக் கிடக்க, நாரையும் கொக்கும் கரையில் அணிவகுக்கும். உள்ளான்கள் சேற்றைக் கிளறி இரை தேடும். குளம் மெல்ல வற்றுதல் அவற்றுக்குப் பஞ்சமன்று, விருந்தேயாம்.

ஆயின், மண்ணால் மேடிட்ட குளம் மெல்ல வற்றாது, விரைவிலே வறண்டுவிடும். ஆகாயத்தாமரை மூடிய குளத்திலோ ஒளியும் புகாது, பறவையும் இறங்காது. உழவனுக்கு வரும் கேடு எதுவோ, அதுவே பறவைக்கும் கேடு. ஆதலின், வேலியிட்டு மனிதரை விலக்குவது மட்டுமே பாதுகாப்பு என்று நாம் எண்ணலாகாது. தூர் வாருதலும், வரம்பு கட்டுதலும், வாய்க்காலைத் துப்புரவு செய்தலும் பறவைக்குச் செய்யும் தொண்டேயாகும்.

இதனை மறந்ததன் விளைவையும் இக்கரையோரம் கண்டிருக்கிறது. இறால் வளர்ப்பிலே பெரும் பொருள் வருமென்று புத்தளக் கரையிற் கண்டலை அழித்துத் தடாகங்கள் வெட்டினர். 1996இல் வெண்புள்ளி நோய் பரவிற்று, இறால்கள் மடிந்தன, தடாகங்கள் பல கைவிடப்பட்டன. விரைந்து வந்த செல்வம் விரைந்தே போயிற்று; உவரேறிய நிலம் எஞ்சிற்று. நூற்றாண்டுகள் பல கடந்த குளமோ இன்றும் நீர் தருகிறது.

மாணவர்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெற்று வருகிறது. அதனைப் பின்பற்றி, உங்கள் ஊர்க் குளத்திற்கு மாதம் ஒரு காலை சென்று, வந்த பறவையையும் நின்ற நீரின் அளவையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். குளத்தை மூட ஒருவர் முற்படும் நாளில், அக்கொப்பி ஊருக்காகச் சாட்சி சொல்லும்.