மேல்தட்டிலிருந்து எழுதிய சரித்திரம்

போடிநாயக்கனூரில் உட்கார்ந்துகொண்டு இவன் கப்பலைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் சிரிக்கக் கூடும். தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் இருக்கிறது. ஆனால் கொச்சியில் புறப்பட்டு மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று இறங்கி எங்கள் ஊருக்குள் வருகிறதே ஒரு ரோடு, அதற்கு முன்பு 49 என்று நம்பர். அது போய் முடிந்த இடம் தனுஷ்கோடி. பிறகு நம்பரை 85 என்று மாற்றினார்கள். இப்போது முடிகிற இடம் தொண்டி. இரண்டுமே நம் ஜனங்கள் இலங்கைக்குப் புறப்பட்ட துறைகள். ஆகவே எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து ஏலக்காய் வாங்க வந்த ஒரு நண்பர், தாம் ஒரு சபையில் படித்த கட்டுரையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இந்திய இலங்கைக் கப்பல் போக்குவரத்தின் சரித்திரம். நல்ல மனிதர், சிரமப்பட்டு எழுதியிருக்கிறார். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும், மார்ச் முதல் தேதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் சரியாக இருக்கின்றன. கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பின்னால் வந்த இர்வின், காஷன் என்று கப்பல்களின் நாமாவளியும் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறும் துரைமார்களும் அவர்களுடைய தேநீரும் இருக்கிறார்கள். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பில் இறங்கிய சௌகரியத்தை எண்ணி ஒரு பெருமூச்சும் உண்டு. பிரயாணிகளை மட்டும் காணோம்.

அந்தக் கப்பல்களை நிரப்பியவர்கள் யார்? துரைமார்களும் வக்கீல்களுமா? எங்கள் மதுரை ஜில்லாவிலிருந்தும், இராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்தும் கங்காணி கூட்டிப்போன ஜனங்கள். மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. காலராவும் பிளேக்கும் இலங்கைக்குள் போய்விடக் கூடாதென்று அவர்களை அங்கே நாட்கணக்கில் அடைத்து வைத்து, ஊசி போட்டு, சோதித்து, பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். நண்பரின் கட்டுரையில் மண்டபம் ஒரு ரயில்வே ஸ்டேஷனாக மட்டும் வருகிறது.

பாலம் வருவதற்கு முன்னால் கதை இன்னும் மோசம். தொண்டி, தேவிபட்டினம் பக்கங்களில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? அதைப் பார்த்தால் 1914-ன் கப்பல் பெரிய உபகாரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உபகாரம் பெற்றவர்களின் பேரையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

என் அப்பத்தாவின் தமையன் ஒருவர் அப்படிப் போனவர். போடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். ‘துண்டு’ என்று ஒரு சீட்டு உண்டு. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று தோட்டக்காரர் எழுதிக் கொடுப்பது. அந்தக் கடனை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். 1921-ல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். “அண்ணன் கப்பல்ல போச்சு, கடன் கூடவே போச்சு” என்பாள் அப்பத்தா. அவர் திரும்பி வரவில்லை. வந்திருக்க வேண்டியவர்களின் கதையோ வேறு.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரிக்கும் ஸ்ரீமாவோவுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று. ஆட்டு மந்தையைப் பங்கு போட்டாலும் ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போடுவார்கள். இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்து, பாஸஞ்சர் ரயிலோடு தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. அப்புறம் ‘ராமானுஜம்’ என்ற கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடிற்று. தாங்கள் பார்த்திராத சொந்த நாட்டுக்கு, தகரப் பெட்டியோடு, மலையகத்து ஜனங்கள் அதில் வந்து இறங்கினார்கள். 1980-களில் இனக் கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. அதே மண்டபத்து முகாமில் அகதிகள் வந்து தங்கினார்கள். நண்பர் இந்த இருபது வருஷத்துக்கு ஒதுக்கியிருப்பது மூன்று வரி. “போக்குவரத்து க்ஷீணித்தது” என்கிறார்!

பிறகு 2011. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’. இதைப் பற்றி நண்பருக்கு ஏகப் பெருமை. பெருமைப்பட வேண்டிய கப்பல்தான். 1972-ல் கட்டியது, அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மத்துக்கும் நடுவே 1982 முதல் 2004 வரை மனிதர்களையும் கார்களையும் சுமந்தது. காரை வயிற்றுக்குள் ஓட்டிவிட்டு, மேலே போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு வீடாகவும் இருந்தது. அப்பேர்ப்பட்டது நம்மிடம் ஜூனில் வந்து நவம்பரில் நின்றுவிட்டது. மறு வருஷமே உடைக்கப் போய்விட்டது. ஏன்? “போதிய பிரயாணிகள் இல்லை” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்கிறார்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ புறப்பட்டது. கட்டணம் வரியோடு ரூ. 7,670. மழைக்காலம் என்று சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தது. இதற்கும் ஆள் சேரவில்லை என்றால் அதே தீர்ப்பு தயாராக இருக்கிறது.

பிரயாணி இல்லையா, பிரயாணிக்குக் கட்டாத விலையா? ஏழாயிரத்துச் சொச்சம் என்பது ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவளுக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? கப்பல் நஷ்டத்தில் ஓட முடியாது என்பார்கள். நியாயமான பேச்சு, பதில் சொல்ல வேண்டியதுதான். தனுஷ்கோடிக் கப்பலைத் தனிக் கடையாக வைத்து லாபம் பார்க்கவில்லை. அது சவுத் இந்தியன் ரயில்வேயின் கப்பல்; ரயில் பாதையில் தண்ணீராக இருந்த இருபத்திரண்டு மைல், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு டிக்கெட் இக்கரையில் ஆரம்பித்து அக்கரையில் முடிந்தது. இன்றைக்கு நாகப்பட்டினத்தில் ரயில் இருக்கிறது. காங்கேசன்துறைக்கு 2015-ல் மறுபடி தண்டவாளம் போட்டார்கள். நடுவில் ஒரு டிக்கெட்தான் இல்லை. வெள்ளைக்காரன் கூலிக்கு ஆள் பிடிக்கச் செய்த காரியத்தை, உறவுக்காரர்கள் பார்த்துக்கொள்வதற்காக நாம் செய்யக் கூடாதா? (ரயில் வருமா என்று கேட்காதீர்கள். 2010 கடைசியில் எங்கள் போடி ரயிலை நிறுத்தி, 2023 ஜூனில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். காத்திருக்க எங்களுக்குத் தெரியும்.)

நண்பர் போடியில் இரண்டு நாள் தங்கினார். லாட்ஜில் எட்டு மணிக்கு எழுந்தார். ஐந்து மணிக்கு எழுப்பியிருந்தால் ஒரு படகுத்துறையையே காட்டியிருப்பேன். இருட்டில் வரிசையாக ஜீப்புகள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கி ஏறுகிறார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி, எல்லை தாண்டி, கேரளத்து ஏலமலைக்குப் போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். ஒரு வண்டியில் எண்ணிப் பார்த்தேன்: டிரைவரைச் சேர்க்காமல் பதினாறு பேர். பின் படியில் தொங்கிய பையனுக்கு இருபது வயதிருக்காது. இந்த ரோட்டில் ஜீப் கவிழ்ந்தால் பத்திரிகையில் இரண்டு அங்குலம் செய்தி வருகிறது. கட்டுரை எழுத யாரும் வருவதில்லை.

“பஸ்ஸில் போகக் கூடாதா ஆத்தா?” என்று ஓர் அம்மாளைக் கேட்டேன்.

“பஸ்ஸு வர்ற நேரத்துக்கு நாங்க காட்டுல பாதி வேலை முடிச்சிருக்கணும்யா. எங்களுக்குன்னு யாரு பஸ்ஸு விடுறா?”

விடியுமுன் நாலைந்து பஸ், தோட்டத்து நேரத்துக்கு. இரண்டு மாநில சர்க்கார்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம். அதற்கும் “போதிய பிரயாணிகள் இல்லை” என்று எழுதிவிடப் போகிறார்களே என்றுதான் எண்ணிக்கை சொன்னேன்.

கட்டுரையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில், மண்டபம் என்று வருகிற இடத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நண்பர் கோபித்துக்கொண்டாலும் அடுத்த மாதம் ஏலக்காய்க்கு வந்தாக வேண்டும். வரட்டும், ஐந்து மணிக்கு நானே எழுப்புகிறேன்.