முள் அசைந்தால் சாட்சியாகுமா?

பேய் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் இக்காலத்தில் ஒரே கடையில் சாமான் வாங்குகின்றனர். மின்காந்தமானி, வெப்பமானி, இருளிலும் படம் பிடிக்கும் காமிரா, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு இரு சாராரும் நள்ளிரவில் ஏதேனும் ஒரு பாழ்வீட்டினுள் புகுகின்றனர். விடிந்து வெளியே வருகையில் முன்னவர், “முள் அசைந்தது, ஆகவே ஆவி இருக்கிறது” என்கிறார். பின்னவர், “முள் அசையவில்லை, ஆகவே ஆவி இல்லை” என்கிறார். இவ்விரு கூற்றுகளும் ஒரே பிழையின் வயிற்றில் பிறந்தவை என்பதே நம் வழக்கு. சாட்சியின் தகுதியை விசாரிக்காமலேயே இருவரும் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். அதற்கு விஞ்ஞானம் என்று பெயரும் சூட்டிக்கொள்கின்றனர்.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் போர்லி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1862-ஆம் ஆண்டளவில் ஒரு பாதிரியார் கட்டிய செங்கல் மாளிகையின் தோட்டத்தில், கன்னியாஸ்திரீ ஒருத்தியின் உருவம் நடமாடுவதாகப் பேச்சு எழுந்தது. 1929-இல் ஒரு நாளிதழ் அதனைப் பெரிதாக வெளியிட்டு, பேய் ஆராய்ச்சியில் பெயர் பெற்றிருந்த ஹாரி பிரைஸ் என்பவரையும் அங்கு வரவழைத்தது. பிரைஸ் 1937-இல் அவ்வீட்டையே ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார். லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் விளம்பரம் செய்து 48 பார்வையாளர்களைத் திரட்டினார். அவர்களுக்கு ஒரு கையேடும் அச்சிட்டு வழங்கினார். அவருடைய கருவிப் பெட்டி அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. காலடி ஓசை எழாதிருக்கக் கம்பளிக் காலுறை, உருக்கு அளவுநாடா, வெப்பமானி, காமிரா, தரை அதிர்ந்தால் காட்டுவதற்கு ஒரு கிண்ணம் பாதரசம் ஆகியவற்றோடு, மயங்கி விழுவோருக்கென ஒரு குப்பி பிராந்தியும் அதில் இருந்தது. (பிராந்தி உள்ளே சென்ற பின்னர் கண்ணுக்குத் தோன்றுவனவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது தனிக் கேள்வி!)

1939-இல் அம்மாளிகை தீப்பற்றி எரிந்தது. மறு ஆண்டில், இங்கிலாந்திலேயே பேய்கள் மிகுந்த வீடு அதுதான் என்று பிரைஸ் நூல் வெளியிட்டார். 1944-இல் எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன. 1948-இல் பிரைஸும் மறைந்தார். வீடும் இல்லை, ஆராய்ந்தவரும் இல்லை. வழக்கு அத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. உண்மையில் அதன் பிறகே தொடங்கிற்று.

1882-இல் லண்டனில் நிறுவப்பட்ட ஆன்மிகவியல் ஆராய்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த டிங்வால், கோல்ட்னி அம்மையார், ஹால் ஆகிய மூவர், போர்லி பற்றிய ஏடுகளைக் கையிலெடுத்தனர். கடிதங்களை வரிசைப்படுத்தினர், உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடிச் சென்றனர், பிரைஸ் அவ்வப்போது எழுதியதையும் பின்னர் நூலில் எழுதியதையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டனர். 1956-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கடுமையானது: எலியும் காற்றும் வீட்டின் அமைப்பும் எழுப்பிய ஓசைகள் போக, சில நிகழ்ச்சிகளில் பிரைஸின் கையே இருந்திருக்கக்கூடும் என்று அவர்கள் ஐயுற்றனர். 1929-இல் உடன் சென்ற ஒரு பத்திரிகையாளரோ, தம்மீது கல் விழுந்ததும் பிரைஸைப் பிடித்துச் சோதித்தபோது அவருடைய சட்டைப் பைகளில் கற்கள் இருந்தன என்று கூறினார். பிரைஸுக்காக வாதாடி எழுதியோரும் பின்னர் உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றை வாசகர்கள் உற்று நோக்க வேண்டுகிறோம். இவ்வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் பாதரசக் கிண்ணத்தால் ஒரு பயனும் விளையவில்லை. கேள்வியெல்லாம் “சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? சொல்வதனால் அவருக்கு என்ன லாபம்?” என்பதாகவே இருந்தது.

இக்கேள்விகள் மதரஸா மாணவனுக்குப் புதியன அல்ல. ஹதீஸ் கலையில் செய்தியைத் தொடுமுன் அறிவிப்பாளரைத் தொடுகிறோம். அவர் மெய்யரா, நினைவாற்றல் உள்ளவரா, தாம் கேட்டதாகச் சொல்பவரை உண்மையிலேயே சந்தித்தவரா என்று ஒவ்வொருவராக விசாரித்த பின்னரே செய்தி எடைபோடப்படுகிறது. ஹிஜ்ரி 748-இல் மறைந்த இமாம் தஹபி அவர்கள், குறை கூறப்பட்ட அறிவிப்பாளர்களைத் தொகுத்த பெருநூலுக்கு ‘மீஸானுல் இஃதிதால்’ என்று பெயரிட்டார்கள். மீஸான் என்றால் தராசு. அந்தத் தராசில் ஏறியவை மனிதரின் நினைவும் நாணயமுமே.

அந்தத் தராசில் இன்றைய பேய்க்கருவிகளை ஏற்றிப் பார்ப்போம். மின்காந்தமானி, வீட்டு மின்கம்பிகளையும் மின்பொறிகளையும் சூழ்ந்துள்ள காந்தப்புலத்தை அளக்கச் செய்யப்பட்டது. அவ்விஷயத்தில் அது நம்பத்தக்க சாட்சியே. அருகில் கைப்பேசி ஒன்று உயிர்பெற்றாலும் அதன் விளக்கு எரியும். அதனிடம் போய், “இங்கே இருக்கிறாயா? இருந்தால் விளக்கை எரியச் செய்” என்று இறந்தவரை அழைக்கின்றனர்! பால்மானியைக் கொண்டு பாலில் கலந்த தண்ணீரை அளக்கலாம். பால்காரனின் மனத்தை அளக்கலாமா? ஆவி வந்தால் இம்முள் அசையும் என்று எவரேனும் அறிய வேண்டுமாயின், ஆவி வந்திருப்பது வேறு வழியில் முன்னரே உறுதியாகி, அதனருகே இம்மானியை வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அவ்வாறு நடந்ததே இல்லை. ஆவி இருப்பதற்கு முள் சாட்சி. முள்ளின் சாட்சிக்கு ஆவி சாட்சி! மன்திக் எனும் தர்க்கக் கலை பயின்றோர் இதனைத் ‘தௌர்’ என்பர். செக்குமாடு எத்தனை காதம் நடந்தாலும் செக்கைவிட்டு நகர்வதில்லை.

மற்றவற்றின் கதை இன்னும் வேடிக்கையானது. தொலைவிலிருந்தே சூட்டைக் காட்டும் கைக்கருவி, தான் நோக்கும் சுவரின் மேற்பரப்புச் சூட்டைத்தான் காட்டும். நடு அறையில் நிற்பதாகச் சொல்லப்படும் ‘குளிர்ந்த உரு’வை அது காணாது. 2002-இல் அமெரிக்கர் ஒருவர் வானொலி நிலையங்களை ஓயாமல் துழாவிச் செல்லும் பெட்டி ஒன்றைச் செய்தார். ஒரு நிலையத்தில் அரைச்சொல், மறு நிலையத்தில் காற்சொல் எனத் தெறிப்பவற்றைக் கூட்டி, இறந்த தாத்தா பேசியதாக மகிழ்கின்றனர். 2010-இல் வந்த ‘கினெக்ட்’ எனும் விளையாட்டுக் கருவி, எதிரே மனித உருவைத் தேடிக் கண்டு குச்சி மனிதனாக வரைந்து காட்டவே படைக்கப்பட்டது. இருட்டறையில் அதனைத் திருப்பினால் நாற்காலியையும் திரைச்சீலையையும் அது ஆளென்று வரைகிறது. அது பொய் சொல்லவில்லை. தனக்கு இட்ட வேலையைச் செய்கிறது. பொய் சொல்பவர் அதனைப் பிடித்திருப்பவரே.

இங்கிலாந்தில் 2002-இல் தொடங்கி ஓடிய இத்தகைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின்மீது, பார்ப்போரை ஏமாற்றுகிறது என்று முறையீடு எழுந்தது. ஒளிபரப்புக் கண்காணிப்பு ஆணையமான ‘ஆஃப்காம்’ 2005-இல் முறையீட்டைத் தள்ளியது. தள்ளியதற்குச் சொன்ன காரணந்தான் சுவையானது: அந்நிகழ்ச்சி வெறும் பொழுதுபோக்கு, முறையான ஆய்வு என்று எவரும் கொள்ளத்தக்கதன்று! வழக்கில் வென்றும் மானத்தை இழந்தவர்கள் அவர்கள்.

இதுகாறும் படித்து ஐயவாதி நண்பர்கள் புன்னகைத்திருப்பர். அவர்களிடமும் நமக்கு வழக்குண்டு.

விக் டாண்டி எனும் பொறியாளர் கவென்ட்ரி நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகையில் உடல் சில்லிட்டது; கடைக்கண்ணில் சாம்பல் நிற உரு ஒன்று தென்பட்டது; திரும்பியதும் மறைந்தது. வாள்விளையாட்டில் பழகிய அவர், மறுநாள் தம் மெல்லிய வாளைப் பிடிப்பானில் பொருத்தியபோது அது தானாக நடுங்கக் கண்டார். ஓடிவிடாமல் நின்று ஆராய்ந்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அளவில் அவ்வறையின் காற்றை அதிரச் செய்தது என்று கணக்கிட்டு 1998-இல் எழுதினார். காற்றாடி நின்றது, அதிர்வும் நின்றது. அழகான விசாரணை, நாம் மெச்சுகிறோம். ஆனால் அன்றுமுதல் ஐயவாதிகள் பலர், எந்த வீட்டில் எவர் அஞ்சினாலும், “பத்தொன்பது ஹெர்ட்ஸ்” என்று மந்திரம்போல் ஓதத் தொடங்கிவிட்டனர். ஹதீஸ் கலையில் ஒருவரோ சிலரோ மட்டும் அறிவிக்கும் செய்திக்கு ‘ஆஹாது’ என்று பெயர். பலர் வழி வந்த ‘முதவாத்திர்’ செய்தியின் உறுதியை அதற்கு நாம் அளிப்பதில்லை. இவர்களோ ஒரே அறையில் ஒருவர் கண்டதை உலகத்துப் பாழ்வீடுகளுக்கெல்லாம் சட்டமாக்கினர். 2009-இல் லண்டனைச் சேர்ந்த உளவியலறிஞர் பிரெஞ்ச் குழுவினர் வெளியிட்ட சோதனையில், 79 பேரை ஓர் அறையில் இருத்தி, அத்தகைய தாழ்ந்த ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் சில வேளை செலுத்தியும் சில வேளை செலுத்தாமலும் பார்த்தனர். பலர் விந்தையான உணர்வுகளைச் சொன்னார்கள். செலுத்தியபோதும் செலுத்தாதபோதும் ஒன்றுபோலவே சொன்னார்கள். ஏதேனும் நேரலாம் என்று முன்னரே சொல்லி அமர்த்திய மனம் தானே நிகழ்த்திக்கொள்கிறது என்பதே பொருந்தும் விளக்கமாயிற்று. பேய்க்குப் பதில் ஹெர்ட்ஸை அமர்த்தி வணங்குவது ஐயவாதம் ஆகாது.

கருவியே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. 1921-இல் வில்மர் எனும் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். பழைய வீடொன்றில் குடியேறிய அவர்களுக்குக் காலடி ஓசை கேட்டது, உருவங்கள் தென்பட்டன, தலைவலி விடவில்லை, பிள்ளைகள் வெளிறினர், தொட்டிச் செடிகளும் வாடின. செடிக்குப் பேய் பிடிக்குமா? கணப்பு உலை பழுதுற்று, அதன் நச்சுப்புகை வீட்டினுள் கசிந்துகொண்டிருந்தது. உலை செப்பனிடப்பட்டதும் பேய் போயிற்று. அந்த வீட்டுக்கு இக்காலப் பேய்வேட்டைக் குழு சென்றிருந்தால், நான்கு இரவு விளக்கெரியும் மானியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கும், பிள்ளைகள் இறந்திருப்பர். ஐயவாதக் குழு சென்றிருந்தாலும், “முள் அசையவில்லை, எல்லாம் மனப்பிரமை” என்று எழுதிவிட்டு வந்திருக்கும். பிள்ளைகள் அப்போதும் இறந்திருப்பர்.

கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்து 1978-இல் மறைந்த ஆபிரகாம் கோவூரை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெய்வீக ஆற்றலை நிரூபிப்போருக்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவியவர் அவர். மறைவானவற்றை முற்றாக மறுத்த அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கல் விழும் வீட்டுக்கு அழைக்கப்பட்டால், அவர் வீட்டாரோடு அமர்ந்து ஒவ்வொருவராகப் பேசவைத்தார். அவ்வீட்டில் யாருடைய துயரம் வாய் திறக்காமல் கிடக்கிறது என்று தேடினார். காஜியின் விசாரணை முறைக்கு, வானொலிப் பெட்டியோடு வரும் நம்பிக்கையாளரைக் காட்டிலும் அந்த நாத்திகரே அணுக்கமாக நின்றார் என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

இனி நம்மவர்கள். “ஜின் உண்டு என்பது ஈமானைச் சேர்ந்ததாயிற்றே, கருவியும் அதைத்தானே காட்டுகிறது?” என்று படித்த இளைஞர் சிலர் கேட்கின்றனர். ஜின் எனும் படைப்பு உண்டு, மறுப்பாரில்லை. இறந்தோர் பர்ஸகு உலகில் இருப்பவர். பாழ்மாளிகைகளில் திரிபவரல்லர் என்பதும் அதே ஈமானைச் சேர்ந்ததுதான். திருடர் உலகில் உண்டு என்பதால் எதிர்வீட்டுக்காரர் திருடராகிவிடுவாரா? பொதுவில் ஒன்று உண்டென்பது, இந்த இரவில், இந்த அறையில், இந்த விளக்கை எரித்தது அதுவே என்பதற்குச் சான்றாகாது. மறைவானதை மறைவானதென்று நம்பும்படிதான் நமக்குக் கட்டளை. ஐந்து விளக்குள்ள பெட்டியில் அதனைப் பிடித்து அடைக்க விரும்புவோர், தாம் ஈமானுக்கு வலுவூட்டுவதாக எண்ணுகின்றனர். அடுத்த வாரம் அவ்விளக்கு மின்கம்பியால் எரிந்ததென்று தெரிந்தால் அந்த ஈமான் என்னாகும்?

துன்பத்துக்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டால் விசாரணை நின்றுவிடுகிறது. அதன் விலையை நம் மண் கண்டிருக்கிறது. மனநோயைத் தீய ஆவியின் பிடியெனக் கருதிப் பலர் தம் உறவினரைக் கொண்டுவந்து விட்ட ஏர்வாடியில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் தனியார் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணைத்த இரும்புக்கு முன்னே ஒரு சொல் பிணைத்திருந்தது. அச்சொல்லை நேற்று ஒரு கிழவர் சொன்னார்; இன்று மின்கலம் இட்ட ஒரு பெட்டி சொல்கிறது. பெட்டி சொல்வதால் படித்தவரும் தலையசைக்கின்றனர்.

மறுப்புடையோர் எழுதலாம், இப்பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. எழுதுவோர் ஒன்றுக்கு மட்டும் விடை தந்துவிட்டு மேலே செல்லட்டும்: எந்த மானி, எந்த ஆவியின் அருகே, எவரால் சோதிக்கப்பட்டு, சாட்சிக் கூண்டில் ஏறத் தகுதி பெற்றது?