பாதி தோல் உரிச்ச கல்லு

ரெண்டு நாட்டுக் கலாச்சாரத்தை இணைக்கிற சிற்பம்னாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. இந்த ஊர் மரம், அந்த ஊர் கல்லு, நடுவுல கை குலுக்குற மாதிரி ஒரு உருவம்... முடிஞ்சுது வேலை :-)

நியூயார்க் குயின்ஸ்ல, சிற்பி இசாமு நொகுச்சி 1985-ல திறந்த அருங்காட்சியகத் தோட்டத்துல இருக்குற 'கிணறு' (1982) அப்படி இல்லை. ஒரே ஒரு பசால்ட் கல். சில இடம் வழவழன்னு செதுக்கியிருக்கு. மீதி, மண்ணுல கிடந்த பழுப்புத் தோலோட அப்படியே. மேல வட்டக் குழியில தண்ணி நிறைஞ்சு, பக்கவாட்டுல வழிஞ்சுகிட்டே இருக்கும். ஜப்பான்ல தேநீர்ச் சடங்குக்குப் போறவங்க குனிஞ்சு கை கழுவுற கல்தொட்டிதான் இதுக்கு மூலம்.

நொகுச்சியோட அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். 1942-ல அமெரிக்கா தன் மேற்குக் கரை ஜப்பானியர்களை முகாம்கள்ல அடைச்சுது. நியூயார்க்வாசியான இவருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. இருந்தும் தானாவே அரிசோனா பாலைவன முகாமுக்குப் போனார். வெளிய வரத்தான் மாசக்கணக்குல காத்திருக்க வேண்டியதாச்சு!

"நீ எந்தப் பக்கம்?"னு கேட்ட காலத்தைப் பார்த்த மனுஷன். அவர் கல்லுல எது ஜப்பான், எது அமெரிக்கான்னு கோடு போடவே முடியாது. என்னைக் கேட்டா, அதுதான் இணைப்பு. கை குலுக்கணும்னா முதல்ல ரெண்டு பேரா பிரிஞ்சு நிக்கணுமே!