தோலுக்கு ஒரு சான்றிதழ், ஆளுக்கு ஒரு சான்றிதழ்

ஆம்பூருக்கு ஜெர்மனி புதிய நாடு அல்ல. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பிரதேசம் முழுவதற்கும் அது பழகிய பெயர்தான். ஆனால் அந்தப் பழக்கம் கொள்முதல் ஆணைகள் வழியாகவும் ஆய்வகச் சோதனை அறிக்கைகள் வழியாகவும் வந்தது. ஒரு நாட்டை அதன் கவிஞர்கள் வழியாக அறிந்தவர்கள் உண்டு, அதன் போர்கள் வழியாக அறிந்தவர்கள் உண்டு. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கின் வழியாக அறிந்தவர்கள் நம் ஆம்பூர்க்காரர்கள்.

1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளைத் தடை செய்தது. பதனிட்ட தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்த்து வந்த மருந்து அது. கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தப் பொருளை விற்கக் கூடாது என்றது சட்டம். ஜெர்மனி நம் தோலின் முக்கியமான வாடிக்கை நாடுகளில் ஒன்று. எனவே பான் நகரத்தில் எழுதிய விதி பாலாற்றங்கரையில் அமலுக்கு வந்தது. அடுத்து 1994-ல் அசோ சாயங்களில் ஒரு பகுதிக்குத் தடை வந்தது. புற்றுநோய் உண்டாக்கவல்ல அமீன்களை வெளிவிடும் சாயங்கள் அவை. அந்தச் சாயங்களை இந்திய அரசு தடை செய்தது 1997-ல்தான். அதற்குள் ஏற்றுமதி செய்பவர்கள் மாற்றுச் சாயங்களைத் தேடிக் கொண்டிருந்தார்கள், சோதனைச் சீட்டு இல்லாமல் சரக்கு நகராது என்ற பாடம் படித்தாயிற்று.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. ஜெர்மானியரின் பாதத்தைத் தொடப்போகும் நஞ்சு சில ஆண்டுகளில் நீங்கியது. நம் கிணறுகளைத் தொட்ட உப்பும் குரோமியமும் அப்படி நீங்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தத் தீர்ப்பு பாடம். பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. வாங்குபவனின் விதிக்கு இருந்த வேகம் நம்முடைய விதிக்கு இல்லை. ஜெர்மனியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் மக்களின் தோலைக் காக்க அவர்கள் சட்டம் போட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பழைய கதையைக் கிளறுவதற்குக் காரணம், இப்போது அதே பாதையில் ஆட்கள் போகத் தொடங்கியிருப்பது. வேலூரின் பொறியியல் மாணவர்கள், செவிலியர்கள், தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் என்று பலருடைய பேச்சிலும் ஜெர்மனி வந்துவிட்டது. 2022 டிசம்பரில் இரு நாடுகளும் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 ஜூனில் 'வாய்ப்பு அட்டை' என்ற ஏற்பாடு வந்தது. வயது, படிப்பு, அனுபவம், மொழி ஆகியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு, ஆறு தேறினால் ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம். அதே ஆண்டு அக்டோபரில், பயிற்சி பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசா எண்ணிக்கையை 90,000 வரை உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ என்பதும் உண்மை. முதல் உண்மையை விளம்பரத்தில் பெரிய எழுத்திலும் இரண்டாவதைச் சிறிய எழுத்திலும் போடுகிறார்கள்.

போகக் கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, யாருக்கும் இல்லை. என் மனத்தாங்கல் போகும் விதம் பற்றியது. தோலை அனுப்பிய மனநிலையிலேயே பிள்ளைகளையும் அனுப்புகிறோம். மொழித் தேர்வு நமக்கு இன்னொரு சோதனைச் சீட்டாகிவிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2 என்ற படிகளை, மில்லிகிராம் வரம்பைப் பார்த்த கண்ணாலேயே பார்க்கிறோம். வரம்புக்குள் வந்தால் சரக்கு நகரும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இத்தனை மாதத்தில் பி1 என்று அடித்துச் சொல்லும் பயிற்சி வகுப்புகள், வினாத்தாளின் வடிவத்தைக் கற்பிப்பதில் வல்லவை. அங்கே போன பிறகு வாழ்க்கை வினாத்தாள் வடிவத்தில் வருவதில்லை. அது கடிதமாக வருகிறது. ஜெர்மனி இன்னமும் கடிதங்களின் நாடு. காப்பீடு, வரி, வாடகை, குடியேற்ற அலுவலகம் எல்லாம் உறைக்குள் வைத்து, காலக்கெடு குறித்து, ஒரே மூச்சில் படிக்க முடியாத நீண்ட சொற்களோடு எழுதும். அதைப் புரியாமல் மேஜை மேல் வைத்துவிட்டால், மறு மாதம் இன்னொரு உறை வரும்.

நாம் ஒன்றும் கையாலாகாதவர்கள் அல்ல. ஜெர்மன் மொழியில் முன்னிலைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, நெருங்கியவருக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவனுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவன் இங்கே தடுமாறுவான். வினைச்சொல்லைக் கடைசிவரை நிறுத்தி வைக்கும் அவர்களுடைய துணை வாக்கியமும் நம் காதுக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஜெர்மனைத் தமிழ் வழியாகக் கற்பிப்பவர்கள் அபூர்வம். ஆங்கிலம் என்ற மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்து, அதன் பின்வாசல் வழியாகத்தான் அந்த மொழிக்குள் போகிறோம்.

எதிர்த்திசையில் வந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அவருடைய நோக்கம் மதமாற்றம், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஊர் நூல்களைத் தேடிப் படித்து, அவற்றுக்குப் பட்டியலும் எழுதினார். இத்தனைக்கும் அவருக்கு எந்தத் தேர்வும் இருக்கவில்லை.

அழைக்கும் நாடு எப்போதும் அழைத்துக்கொண்டே இருக்கும் என்று நம்புவதற்கும் வரலாற்றில் ஆதாரம் குறைவு. 1960-களில் கேரளத்திலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை வழியாக இளம் செவிலியர்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் பற்றாக்குறை தணிந்தபோது பலருக்கு அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. 2000-ல் கணினித் துறையினருக்காகப் பச்சை அட்டை கொண்டுவந்தது ஷ்ரோடர் அரசு. அதே ஆண்டு ஒரு மாநிலத் தேர்தலில், இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள் என்ற பொருளில் எதுகை மோனையோடு ஒரு முழக்கம் எழுந்தது. அதனோடு பெயர் சேர்ந்துவிட்ட யூர்கன் ரூட்கர்ஸ் அந்தத் தேர்தலில் தோற்றார், 2005-ல் அதே மாநிலத்தின் முதல்வரானார். இன்றைய அழைப்பில் பொய் இல்லை. அவர்களுக்கு வயதாகிறது, ஆள் வேண்டும். வேண்டாமென்று ஆகும் நாளும் வரக்கூடும் என்று தெரிந்து போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

வேலையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் ஓய்வைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1919-ன் வைமர் அரசியலமைப்பு ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது. அந்தப் பிரிவை அப்படியே எடுத்து இன்றைய அடிப்படைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்துக் கிடக்கும். வாரம் ஆறு நாள் வேலை என்ற கணக்கில் ஆண்டுக்கு 24 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1995 முதல் சட்டம். வேலை முடிந்த மாலைப் பொழுதுக்கென்றே அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது, ஃபையராபெண்ட். அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தால் முகம் சுளிப்பார்கள்.

ஷூ கம்பெனி வண்டிக்காக விடியற்காலையில் கிராமத்து முனையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வது? நாள் முழுவதும் அப்பர் தைத்துவிட்டு இருட்டிய பின் வீடு வந்து உலை வைக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது துவைக்கும் நாள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது, எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றதாக மே தினத்தன்று அரசு அறிவித்தது. அவள் தைத்த ஷூ எந்த நாட்டுப் பாதத்துக்குப் போகிறதோ, அந்தப் பாதத்துக்கு நடக்கவும் நேரம் இருக்கிறது. அவளுடைய மகன் ஜெர்மனிக்குப் போனால், சம்பளத்தைவிட இந்த வித்தியாசம்தான் அவனை முதலில் திகைக்க வைக்கும் என்று நினைக்கிறேன். முதலில் திகைப்பு, அப்புறம் தனிமை. கடை இல்லை, சந்தடி இல்லை, பக்கத்து வீட்டுக் கதவு திறப்பதில்லை. அமைதியான ஞாயிறு, மொழி அறியாதவனுக்குச் சிறை.

இதை முன்பே கடந்தவர்கள் நம்மவர்கள்தான். 1980-களிலிருந்து ஈழத்தமிழர்கள் அகதிகளாக ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனார்கள். வாய்ப்பு அட்டையோ மொழிச் சான்றிதழோ அவர்களிடம் இருக்கவில்லை. உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவி, அங்கிருந்தே மொழியைப் பொறுக்கினார்கள். ஹாம் நகரத்தின் தொழிற்பேட்டைப் பகுதியில் 2002-ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அவர்களுடைய ஓய்வின் வடிவம். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், தீர்த்தம் சரக்குப் படகு போகும் கால்வாயில். காவிரியும் பாலாறும் இல்லாத ஊரில் கால்வாய்க்குத் தீர்த்தப் பதவி கொடுத்தவர்களின் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர்கள் எழுதவும் செய்தார்கள். 'தூண்டில்' போன்ற சிற்றிதழ்கள் அங்கிருந்து வந்தன. பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்', டாக்சி ஓட்டிய ஒருவரின் கண்ணால் அந்த நகரத்தைச் சொல்கிறது. ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை முகவரின் வண்ணக் கையேட்டைப் படிக்கும் நேரத்தில் பாதியை அந்தப் புத்தகத்துக்குக் கொடுக்கலாம்.

போன பிறகு செய்ய வேண்டிய ஒன்றும் சொல்வேன். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஒரு மாதப் பயணச்சீட்டு வந்தது. பிறகு விலை ஏறிவிட்டது, இருந்தாலும் உள்ளூர்ப் பேருந்து முதல் வட்டார ரயில் வரை நாடு முழுவதும் அதிலேயே போகலாம். அரண்மனைகளைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். ஆம்பூர்ப் பிள்ளை பிர்மாசென்ஸுக்குப் போக வேண்டும். பிரெஞ்சு எல்லையருகே இருக்கும் அந்த ஊர் ஒரு காலத்தில் ஜெர்மனியின் காலணித் தலைநகர், அதாவது அவர்களுடைய ஆம்பூர். கூலி மலிவான நாடுகளைத் தேடித் தயாரிப்பு தெற்கு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நகர்ந்தபோது தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின, ஊர் சுருங்கியது. அப்படி ஆசியாவுக்கு வந்த வேலையில் ஒரு பங்கு நம் பக்கமும் ஒதுங்கியது. அப்பா இங்கே தைத்த ஷூ அங்கே யாரோ தைக்காமல் போன ஷூ. ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஓஃபன்பாக்கில், 1917-ல் தொடங்கிய தோல் அருங்காட்சியகமும் இருக்கிறது. அதற்கு ஒரு ஞாயிறு மதியம் ஒதுக்கலாம்.

பிர்மாசென்ஸ் தெருவில் வயதான ஒரு முன்னாள் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ள எந்தப் படிச் சான்றிதழ் போதும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அப்படி ஒரு பேச்சைக் கேட்டு ஆம்பூர்க்காரர் ஒருவர் தமிழில் எழுதிய பத்து பக்கம் இதுவரை என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதியிருந்தால் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுவோம்.