'அஞ்சு நிமிஷ வேலை' என்னும் கொலைக் கணக்கு

"விஷவாயு தாக்கி தூய்மைப் பணியாளர் இருவர் பலி." ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும், தலைப்பு மாறுவதில்லை. இந்த வாக்கியத்தில் கொலையாளி யார்? வாயு. அவர்களை உள்ளே இறக்கிவிட்டவருக்கு இதில் இடமே இல்லை.

நான் புள்ளியியல் படித்தவன். ஒரு வேதிப்பொருள் எந்த அளவில் உடலுக்கு என்ன செய்யும் என்று கணிக்க எங்கள் துறையில் 'அளவு - விளைவு வளைவு' என்ற கருவி உண்டு. கிடைமட்டக் கோட்டில் உடலுக்குள் போகும் அளவு, செங்குத்துக் கோட்டில் பாதிக்கப்படுவோரின் விகிதம். மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், குழியின் விளிம்பில் நின்று ஒப்பந்தக்காரரும் வீட்டுக்காரரும் வழக்கமாகச் சொல்லும் மூன்று சமாதானங்களும் பொய் என்பது விளங்கும்.

முதல் சமாதானம்: "நாத்தம் ஒன்னும் பெருசா இல்லையே, இறங்கு." இந்த வாயு அழுகிய முட்டை போல் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் (1 பிபிஎம்) குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவை எட்டினால் சில நிமிடங்களிலேயே மோப்ப உணர்வு மரத்துப்போகும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 'உயிருக்கு உடனடி ஆபத்து' என்று வரையறுத்திருப்பதும் இதே 100 பிபிஎம் அளவைத்தான். அதாவது, ஆபத்து முற்றும் இடத்தில்தான் நாற்றம் காணாமல் போகிறது.

இரண்டாவது: "அஞ்சு நிமிஷ வேலைதான்." முதல் உலகப்போரில் ஜெர்மனியின் விஷவாயுத் தாக்குதலை முன்னின்று நடத்திய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், வாயுவின் செறிவை நேரத்தால் பெருக்கினால் நச்சின் சுமை கிடைக்கும் என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்களுக்கு நேரத்தைவிடச் செறிவுக்கே எடை அதிகம். செறிவை இருபடிக்கும் மேலாக உயர்த்திப் பெருக்க வேண்டும். இருபடி என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். 100 பிபிஎம்மில் 30 நிமிடம், 500 பிபிஎம்மில் 6 நிமிடம். வெறுமனே பெருக்கினால் இரண்டும் 3000தான். இருபடியில் பார்த்தால் இரண்டாவதன் சுமை 5 மடங்கு. 500 முதல் 700 பிபிஎம்முக்குள் மனிதர் ஐந்தே நிமிடத்தில் சுருண்டு விழுவார். 1000ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சு போதும். அடியில் உறைந்து கிடக்கும் கசடைக் கிளறும் நொடியில்தான் வாயு குபீரென்று வெளியேறுகிறது. முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் தம்பியும் பின்னாலேயே விழுவது இதனால்தான்.

மூன்றாவது: "பத்து தடவை இறங்கியிருக்கான், ஒன்னும் ஆகலையே." ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஆபத்துக்கான வாய்ப்பு 26 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்து முறையும் தப்பிக்க 100க்கு 5 வாய்ப்பு இருக்கிறது. ஆகவே, பத்து முறை தப்பித்திருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றே ஆகாது. 'பாதிப்பு தென்படவில்லை' என்பதும் 'பாதிப்பு இல்லை' என்பதும் ஒன்றல்ல. நச்சியலில் பாதுகாப்பு வரம்புகளை வகுப்பவர்களே சிறிய ஆய்வுகளில் இந்தக் குழப்பத்தால் சறுக்கியிருக்கிறார்கள். நம் மலக்குழிகளிலோ ஆய்வே கிடையாது. இறங்கும் முன் யாரும் வாயுவை அளப்பதில்லை. ஏறிய பின் யாரும் உடலைப் பரிசோதிப்பதில்லை. மயங்கி விழுந்து பிழைத்தவருக்குத் தலைவலியும் மறதியும் கவனச் சிதறலும் நீடிக்கலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. செத்தால் மட்டுமே எண்ணிக்கையில் சேர்கிறார்.

இந்த வளைவுக்குச் சாதி தெரியாது. யாருடைய நுரையீரலாக இருந்தாலும் வாயு ஒரே வேலையைத்தான் செய்யும். ஆனால் கிடைமட்டக் கோட்டின் வலது ஓரத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது என்பதைச் சாதி முடிவு செய்கிறது. சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் சுமார் 38,000 பேரிடம் எடுக்கப்பட்ட ஒன்றிய அரசின் கணக்கு 2024இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மனித உடல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் பாதுகாப்பு வரம்பை வகுக்கும்போது பத்தால் வகுத்துக் குறைக்கும் வழக்கம் அறிவியலில் உண்டு. குழந்தை, முதியவர், நோயாளி எல்லாரையும் நினைத்துச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் பிறப்பைப் பார்த்துக் குழிக்குள் இறக்கும் ஒரு சமூகத்தை எந்த எண்ணால் வகுப்பது?

"முகக்கவசமும் கையுறையும் கொடுத்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். துணிக் கவசம் வாயுவைத் தடுக்காது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி தடுக்கும். ஆனால் நள்ளிரவில், ஒரு கயிறும் வாளியுமாக அழைத்துவரப்படும் தினக்கூலிக்கு அதை யார் மாட்டிவிடுகிறார்கள்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேலையைத் தடை செய்து, முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது, இறக்கிவிடுவது நிற்கவில்லை.

எனவே நம் கோரிக்கை பாதுகாப்பான அளவு பற்றியது அல்ல. இந்தக் குழிக்குள் மனிதருக்கான அளவு பூஜ்யம். எந்திரம் இறங்கட்டும். எந்திரம் நுழையாத சந்துகளுக்கு ஏற்ற எந்திரத்தைச் செய்யட்டும். இதுவரை இறங்கி உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பதிவு செய்து அரசு செலவில் மருத்துவம் பார்க்கட்டும். இறக்கிவிட்டவர் பெயரை முதல் தகவல் அறிக்கையின் முதல் வரியில் எழுதட்டும். அடுத்த முறை "விஷவாயு தாக்கி" என்று செய்தி வந்தால், தோழர்களே, கீழே ஒரே ஒரு கேள்வியைப் பதியுங்கள்: இறக்கிவிட்டது யார்?