மேடைக்கு வெளிச்சம் போடும் பெண்

நாடகம் பார்க்கப் போனால் நடிகர்களைப் பார்க்கிறோம். வெளிச்சம் போடுகிறவர்களை யார் கவனிக்கிறோம், சொல்லுங்கள்!

இங்கே போளூரில் என் அண்ணன் மகள், "மேடைக்கு லைட் போடுற வேலைக்குப் போறேன், அத்தை" என்கிறாள். அண்ணிக்கு ஒரே கலக்கம். "பொம்பளைப் பிள்ளை ஏணி ஏறுறதா? ராத்திரி வேலை வேறே!"

இதைத் தனிக் கலையாக வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் ஒரு பெண்மணிதான். அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் ரோசென்தால் (1912–1969). நம் நாட்டில் தாபஸ் சென் பெயர் பெற்றவர். 1959-ல் கொல்கத்தா மினர்வா தியேட்டரில், உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்காக, நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டினார்!

சூட்சுமம் நம் வீட்டிலேயே இருக்கிறது. முகத்துக்குக் கீழே டார்ச் பிடித்தால் குழந்தை பயப்படும். நேர் உச்சியில் விளக்கு இருந்தால் கண் குழிந்து தெரியும். முன்பக்கம் சற்று உயரத்திலிருந்து சாய்வாக விழுந்தால் முகம் களையாக இருக்கும்.

அண்ணியின் பயமும் நியாயம்தான். ஆகவே வேலையில் சேருமுன் பெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்: ஏணியைக் கீழே ஒருவர் பிடிப்பாரா? தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி உண்டா? மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு ஆறிய பிறகுதானே பல்பு மாற்றுவார்கள்? ராத்திரி திரும்ப வண்டி, தங்க நல்ல இடம் உண்டா?

இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் கிடைத்தால், தாய்மார்களே, தைரியமாக அனுப்புங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு குழுவைப் பார்க்கட்டும். வேலையையே விட வேண்டாம்.