ஷகிராவுக்கு இரண்டு நிமிஷம்

இக்வடாருக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களைக் காலை நாலு மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். இருட்டில் வேன், கையில் சாண்ட்விச் பொட்டலம். விடியும்போது காட்டுப் பாதையின் முனையில் நிற்க வேண்டும். அப்புறம் சாயங்காலம் வரை நடை, வேன், மறுபடி நடை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகாவது விடுவார்களா என்றால், கைடு பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். அதற்குமேல் தெம்பிருந்தால் ஆந்தை தேடப் போகலாம். இப்படிப் பதினைந்து நாள். இதற்குப் பெயர் விடுமுறை!

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டைப்போல் சுமார் இரண்டு மடங்கு பரப்பில் 1,600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள். ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதில் பல, மேற்குச் சரிவில் கிடையாது. 4,000 மீட்டர் உயரத்தில் திரிவது கீழே இறங்காது. எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் பிடிக்க ஓடத்தான் வேண்டும். எதற்கு எல்லாவற்றையும் என்பதுதான் என் கேள்வி.

கம்பெனிகளை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. விளம்பரத்தில் எண்ணிக்கையைப் பெரிசாகப் போடுகிறார்கள் என்றால், அதைப் பார்த்துப் பணம் கட்ட ஆள் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர் பின்தங்கினால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பறவை வெளியே வரவில்லையென்றால் அதன் இனத்தின் குரலையே ஸ்பீக்கரில் போட்டு, எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று பதறவைத்து வரவழைக்கிறார்கள். வந்ததும் பட்டியலில் ஒரு டிக். ஆச்சு, அடுத்தது.

உடனே ஃபீபி ஸ்னெட்சிங்கரைச் சொல்வார்கள். அமெரிக்கப் பெண்மணி. 1981-ல் தோல் புற்றுநோய் முற்றிவிட்டது, அதிக நாள் இல்லை என்று டாக்டர்கள் கைவிரிக்க, உலகம் பூரா ஓடி 8,000க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்தார். பெற்ற அம்மாவின் இறுதிச்சடங்குக்கும் ஒரு மகளின் கல்யாணத்துக்கும்கூடப் போகவில்லை. 1999-ல் மடகாஸ்கரில், பறவை பார்க்கப் போன வேன் கவிழ்ந்து இறந்தார். சரி, அவர் பின்னால் எமன் நின்றான். பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிற ரிட்டயர்டு ஆசாமிகளை எது துரத்துகிறது?

மிண்டோ பக்கத்தில் ஆன்ஹெல் பாஸ் என்று ஒரு விவசாயி. ஜெயன்ட் ஆன்ட்பிட்டா என்கிற, காட்டுத் தரையில் ஒளிந்து திரிந்து நிபுணர்களுக்கே டிமிக்கி கொடுத்த பறவையை மண்புழு போட்டுப் பழக்கினார். 'மரியா' என்று கூப்பிட்டால் வந்தது. அதன் சொந்தக்கார இனத்தில் ஒரு பொடிசுக்கு ஷகிரா என்று பெயர் வைத்தார். தலையை அசைக்காமல் உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுமாம். பாப் பாடகி ஞாபகம்.

மனுஷர் பொறுமையாகக் காத்திருந்து சம்பாதித்த நட்பு அது. டூர் கும்பலுக்கோ, டிபனுக்கு முன்னால் முடிக்க வேண்டிய ஐட்டம். பார்த்தாச்சா, போட்டோ எடுத்தாச்சா, நகருங்க. திருப்பதியில் சொல்கிற அதே ஜருகண்டி.

நிதானமான டூர்களும் உண்டுதான். வயசானவர்களுக்கு ஏதோ சலுகை மாதிரி, ப்ரோஷரின் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரே லாட்ஜில் ஒரு வாரம் தங்கி, ஒரு குட்டிப் பறவை ஆடி முடித்து இலை மறைவுக்குள் போகிறவரை உட்கார்ந்திருக்க, வயசாகியிருக்க வேண்டுமா என்ன?